முன்பாரமும் பின்பாரமும்

எங்கள் சபையில் கேம்பர் ட்ரெயிலர் வைத்திருக்கும் குடும்பங்கள் இப்போது ஐந்தாகிவிட்டன. ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்தில் முன்பெல்லாம் வீட்டுக்கடன் வட்டியைப் பற்றிப் பேசிய அப்பாமார், இப்போது கூடாரத் துணியையும் பற்றரியையும் பற்றிப் பேசுகிறார்கள். ஐந்தாவது ட்ரெயிலர் எங்கள் வீட்டுடையது. ஹோல்ஸ் கப்பில் நடந்த குடும்ப முகாமுக்கு அதை இழுத்துக்கொண்டு போய் வந்தோம். போய்வந்த விதத்தை வாலிபர் பக்கத்துக்கு எழுதித் தரும்படி கேட்டதால், வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேரும் சேர்ந்து எழுதுகிறோம். மலையின் அழகையும் கங்காருவையும் மற்றவர்கள் எழுதுவார்கள். நாங்கள் எழுதப்போவது எடையைப் பற்றி.

அதற்கு ஒரு காரணம் உண்டு. சென்ற ஆண்டு எங்கள் சபை அங்கிள் ஒருவர் கீலோங் போகும் பெருந்தெருவில் ட்ரெயிலரோடு கவிழ்ந்தது பலருக்குத் தெரியும். அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறோம். பிள்ளைகளின் மூன்று சைக்கிள்களையும் ஒரு ஜெனரேற்றரையும் ட்ரெயிலரின் பின்புறத் தட்டில் கட்டியிருந்தார். முன்பெட்டி ஏறக்குறைய வெறுமை. வேகம் 105. ஒரு லொறி கடந்து போனதும் ட்ரெயிலர் வால் ஆட்டத் தொடங்கியது. அவர் பிறேக்கை அழுத்தி மிதித்தார். அடுத்த நொடி ட்ரெயிலர் பக்கவாட்டில் வந்து காரையும் திருப்பிப் போட்டது. கர்த்தருடைய கிருபையால் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. மகளுக்குத் தோள் எலும்பு முறிந்தது. “நான் கட்டின கயிறு ஒண்டும் அறேல்லை, எல்லாம் இறுக்கமாத்தான் கட்டினனான். கட்டின இடம்தான் பிழை” என்று அங்கிள் எங்கள் வீட்டில் இருந்து சொன்னபோது அப்பா ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாளே ட்ரெயிலரின் தகட்டில் உள்ள எண்களை ஒரு தாளில் எழுதத் தொடங்கினார்.

அந்த எண்களை ஒருமுறை விளங்கிக்கொண்டால் போதும். ட்ரெயிலரின் முன் சட்டத்தில் ஒரு சிறு உலோகத் தகடு இருக்கும். அதில் ஏ.டி.எம். என்று ஓர் எண் இருக்கும். காசு எடுக்கும் ஏ.டி.எம். அல்ல. சாமான்கள் எல்லாம் ஏற்றி, காரில் கொளுவாமல் தனியே நிற்கும்போது ட்ரெயிலர் எவ்வளவு எடைவரை இருக்கலாம் என்பதே அது. எங்களுடையது 1300 கிலோ. வெறும் ட்ரெயிலர் 900. ஆகவே நாம் ஏற்றக்கூடியது 400 கிலோ. இது நிறைய என்றுதான் முதலில் தோன்றும். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. 80 லீற்றர் தாங்கியை நிரப்பினால் 80 கிலோ போய்விடும். 9 கிலோ காஸ் சிலிண்டர் என்று நாம் சொல்வது உள்ளே இருக்கும் காஸின் எடையைத்தான். இரும்போடு சேர்த்தால் அது ஏறக்குறைய இரு மடங்கு. பற்றரி, கூடாரம், மெத்தை, கதிரைகள், பெரிய இட்லிப் பானை என்று சேர்த்துப் பார்த்தால் 400 எங்கே போனது என்றே தெரியாது.

கார் பக்கத்தில் வேறு இரண்டு எண்கள் உண்டு. ஒன்று, கார் எவ்வளவு இழுக்கும் என்பது. பிறேக் உள்ள ட்ரெயிலருக்கு ஓர் அளவும் பிறேக் இல்லாததற்கு அதைவிடக் குறைந்த ஓர் அளவும் இருக்கும். எங்கள் ஏழு இருக்கைக் கார் பிறேக் உள்ள ட்ரெயிலரை 2000 கிலோ வரை இழுக்கும். 1300 கிலோ ட்ரெயிலருக்கு இது தாராளம் என்று எவரும் நினைப்பார்கள். பல குடும்பங்கள் இந்தக் கணக்கோடு நிறுத்திவிடுகின்றன என்பது எங்கள் எண்ணம். மற்ற எண்ணின் பெயர் ஜி.வி.எம். காரும் பெற்றோலும் காருக்குள் இருக்கும் ஆட்களும் சாமான்களும், அவற்றோடு ட்ரெயிலர் காரின் கொளுவியில் அழுத்தும் பாரமும் சேர்ந்து எவ்வளவு இருக்கலாம் என்பதே அது. கடைசியாகச் சொன்ன பாரத்தைத்தான் ஆட்கள் மறப்பார்கள். ட்ரெயிலர் தன் சில்லுகளில் மட்டும் நிற்பதில்லை. அதன் மூக்கு காரின் பின்னால் உள்ள இரும்புக் குண்டின்மேல் இருக்கிறது. அந்தப் பாரத்தைச் சுமப்பது கார்.

அந்த மூக்கில் எவ்வளவு பாரம் இருக்கவேண்டும்? இங்கே பொதுவாகச் சொல்லப்படும் அளவு, ஏற்றிய ட்ரெயிலரின் எடையில் பத்திலொரு பங்கு. கூடினால் காரின் பின்பக்கம் அமுங்கி முன் சில்லுகள் இலேசாகிவிடும். ஸ்டியரிங் பிடிப்பு குறையும், இரவில் விளக்கு எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். குறைந்தால் அங்கிளுக்கு நடந்தது நடக்கும். ட்ரெயிலரின் பாரம் அச்சுக்குப் பின்னால் இருந்தால் ஒரு சின்னக் காற்றே அதை ஆட்டத் தொடங்கும். வேகம் கூடக் கூட ஆட்டம் தானாக அடங்காமல் தானாகவே பெருகும்.

இதை அப்பா சாப்பாட்டு மேசையில் கரண்டியும் தீப்பெட்டியும் வைத்து எங்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டிருந்த அம்மம்மா, “உதைத்தானே நாங்கள் முன்பாரம் பின்பாரம் எண்டு சொல்லுறது” என்றார்.

அம்மம்மாவின் ஐயா பரந்தனில் இருந்து நெல் மூட்டை ஏற்றி மாட்டு வண்டி ஓட்டியவராம். மூட்டைகளை முன்னுக்குத் தள்ளி அடுக்கினால் நுகம் மாட்டின் கழுத்தில் அமுக்கும். அது முன்பாரம், மாடு நடக்க மறுக்கும். பின்னுக்குத் தள்ளி அடுக்கினால் நுகம் மேலே எழும்பி, கழுத்துக் கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். அது பின்பாரம், மாடு செத்தும் போகும். ஐயா மூட்டை அடுக்கி முடிந்ததும் நுகத்தடியை ஒரு கையால் தூக்கிப் பார்ப்பாராம். கை கொஞ்சம் பாரத்தை உணரவேண்டும், ஆனால் தூக்க முடியவேண்டும். “ஒரு பொடிப்பயலைத் தூக்கிற பாரம் இருந்தாச் சரி எண்டு சொல்லுவார்.” அப்பா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். இதற்குமேல் அவர் விளக்க என்ன இருக்கிறது?

புறப்படுவதற்கு ஒரு கிழமை முன்பு, எல்லாச் சாமானையும் ஏற்றி, ஆறு பேரும் காரில் ஏறி, லொறிகளை நிறுக்கும் தராசுக்குப் போனோம். பொதுமக்கள் காசு கொடுத்து நிறுக்கக்கூடிய தராசுகள் உண்டு. சில குப்பை சேர்க்கும் இடங்களிலும் கல் குவாரிகளிலும் கேட்டுப் பாருங்கள். முறை இதுதான். முதலில் ட்ரெயிலரைக் கொளுவியபடியே காரின் சில்லுகள் மட்டும் தராசில் நிற்கவேண்டும். பிறகு முன்னே நகர்ந்து ட்ரெயிலரின் சில்லுகள் மட்டும். கடைசியில் ட்ரெயிலரைக் கழற்றி, முன்னால் உள்ள சின்னச் சில்லும் தராசில் இருக்க, தனியே நிறுக்கவேண்டும். கடைசி எண்ணிலிருந்து இரண்டாவது எண்ணைக் கழித்தால் மூக்கின் பாரம் வந்துவிடும்.

தண்ணீர்த் தாங்கியை ஹோல்ஸ் கப்பில் நிரப்புவதென்று வெறுமையாக வைத்திருந்தோம். ட்ரெயிலர் தனியே 1240. கொளுவியபடி சில்லுகளில் 1120. ஆக மூக்கில் 120 கிலோ. பத்திலொரு பங்குக்கு மிகக் கிட்ட. அப்பாவின் முகத்தில் பெருமை தெரிந்தது. பிறகு காரின் சீட்டைப் பார்த்தார். எங்கள் காரின் ஜி.வி.எம். 2660. தராசு காட்டியது 2730.

இழுப்பதற்கு 700 கிலோவுக்குமேல் மிச்சம் இருக்கும் கார், சுமப்பதில் 70 கிலோ கூடிவிட்டது. கணக்கைப் பார்த்தால் விளங்கும். ஆறு பேர் 375 கிலோ. கொளுவிச் சட்டம் 35. மூக்கின் பாரம் 120. பின்பெட்டியில் குளிர்ப்பெட்டி 45, பைகள் 50, அரிசியும் பாத்திரமும் பிறவும் 45. ஏழு இருக்கைக் காரில் இருக்கைகள் ஏழு இருப்பதால் ஏழு பேரும் ஏறி ட்ரெயிலரும் இழுக்கலாம் என்று அர்த்தமில்லை. இதை எந்த விளம்பரத்திலும் பெரிய எழுத்தில் நாங்கள் கண்டதில்லை.

குளிர்ப்பெட்டியை ட்ரெயிலருக்கு மாற்றினோம், அச்சுக்குச் சற்றே முன்னால். ட்ரெயிலர் 1285 ஆனது. இனி 15 கிலோதான் இடம். கார் இன்னும் 30 கிலோ கூட. சாமான்களில் விடக்கூடியதை எல்லாம் ஏற்கெனவே விட்டிருந்தோம். மாமாவும் முகாமுக்கு வருகிறார். ஆனால் அவருடைய சின்னக் காரின் பின்பெட்டி சபையின் கூடாரங்களால் நிறைந்திருந்தது. முன் இருக்கை மட்டும் காலி.

“மாமி, நீங்கள் மச்சானோட முன்னுக்கு இருந்து வசதியா வாங்கோவன்” என்று அப்பா அன்பாகத்தான் கேட்டார். அம்மம்மா 55 கிலோ. கணக்குச் சரியாக வரும்.

அம்மம்மா சிரிக்கவில்லை. “என்னை நிறுத்துப் பாத்து இறக்கி விடுற காலம் வந்திட்டுதோ” என்றார்.

1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமம் முழுவதும் இரவோடு இரவாகப் புறப்பட்டபோது, ஒரு ட்ரக்டர் பெட்டியில் இடமில்லை என்று அம்மம்மாவை இறக்கி வேறொரு பெட்டியில் ஏற்றினார்கள். அம்மாவும் மாமாவும் முதல் பெட்டியில் போய்விட்டார்கள். இரண்டு நாள் கழித்துத்தான் சாவகச்சேரியில் ஒருவரையொருவர் கண்டுகொண்டார்கள். இந்தக் கதையை நாங்கள் பலமுறை கேட்டிருக்கிறோம். தராசுக்குப் பக்கத்தில் நின்றபோதுதான், அது கதை அல்ல என்று விளங்கியது. அம்மா ஒன்றும் சொல்லாமல் அம்மம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எங்களில் நடுவிலான் 62 கிலோ. வழியெல்லாம் அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்து ட்ரெயிலர் இழுப்பதைப் பார்த்துப் படிக்கவேண்டும் என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் அவன்தான். “நான் மாமாவோட வாறன். மாமாவின்ர கார்ல பாட்டாவது நல்லாக் கேக்கலாம்” என்றான். அவன் இறங்கியதும் தராசு 2628 காட்டியது. 32 கிலோ இடைவெளி. அந்த இடைவெளியில் வேறு எதையும் ஏற்றக்கூடாது என்று அம்மா சட்டம் போட்டார். அதையும் மீறி ஒரு பலாப்பழம் ஏறியது தனிக் கதை.

பாரம் சரியென்றால் மற்றவை பழக்கம்தான். அவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம். 750 கிலோவுக்குமேல் எடையுள்ள ட்ரெயிலருக்கு இந்த நாட்டில் பிறேக் கட்டாயம். எங்களுடையதில் மின்சாரப் பிறேக். ஓட்டுநருக்குக் கிட்ட ஒரு சின்னக் குமிழ் இருக்கிறது. அதை அழுத்தினால் ட்ரெயிலரின் பிறேக் மட்டும் பிடிக்கும். பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டு இருந்தால் மூக்குக்குக் கீழே குறுக்காக மாற்றிக் கொளுவவேண்டும். கொளுவி கழன்றாலும் மூக்கு தரையில் குத்தாமல் சங்கிலிகள் தாங்கும். விளக்குகளை ஒருவர் பின்னால் நின்று பார்க்க, ஒருவர் உள்ளே இருந்து போடவேண்டும். ட்ரெயிலர் ரயரின் பூக்கள் தேயாவிட்டாலும் ரப்பர் கிழடாகும். ரயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு கிழமை, கடைசி இரண்டு ஆண்டு. 2319 என்றிருந்தால் 2019இன் 23ஆவது கிழமையில் செய்தது. சில்லைக் கழற்றிப் பூட்டியிருந்தால் முதல் 50, 100 கிலோமீற்றரில் நட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்க்கவேண்டும். ஓடும்போது ட்ரெயிலருக்குள் எவரும் இருக்கக்கூடாது. “பிள்ளை நித்திரை, எழுப்பவேண்டாம்” என்பதெல்லாம் செல்லாது.

காலையில் ஜெபித்துப் புறப்பட்டோம். ஹோல்ஸ் கப் மெல்பேணில் இருந்து சுமார் 250 கிலோமீற்றர். வெஸ்ற் கேற் பாலத்தில் குறுக்குக் காற்று எப்போதும் இருக்கும். அதில் ஏறும்போது காருக்குள் பேச்சு நின்றுவிட்டது. பெருந்தெருவில் 110 எல்லை என்றாலும் அப்பா 90ஐத் தாண்டவில்லை. மேற்கு அவுஸ்திரேலியாவில் ட்ரெயிலர் இழுப்பவர்களுக்கு முன்பு 100தான் உச்சமாக இருந்தது. விக்டோரியாவில் அப்படித் தனி எல்லை இல்லாவிட்டாலும் ஆட்டம் பிடிப்பது வேகத்தோடுதான். இன்னொரு விதி பலருக்குத் தெரியாது. காரும் ட்ரெயிலரும் சேர்ந்து 7.5 மீற்றரோ அதற்குமேலோ என்றால் நாம் நீள வாகனம். ஊர்களுக்கு வெளியே இன்னொரு நீள வாகனத்தின் பின்னால் போகும்போது, பல வரிசைத் தெருக்களிலும் முந்தும் நேரத்திலும் தவிர, 60 மீற்றர் இடைவெளி விடவேண்டும்.

பல்லரட் தாண்டியதும் ஒரு பெரிய லொறி எங்களை முந்தியது. முதலில் காற்று எங்களை வெளியே தள்ளியது, பிறகு உள்ளே இழுத்தது. ட்ரெயிலர் ஒருமுறை அசைந்தது. அப்பா பிறேக்கைத் தொடவில்லை. காலை மெல்ல எடுத்தார், ஸ்டியரிங்கை நேரே பிடித்தார், குமிழில் விரலை வைத்தார். அழுத்தவேண்டிய தேவை வரவில்லை. இரண்டு நொடியில் நேராகிவிட்டது. ஆட்டம் வந்தால் செய்யவேண்டியது இவ்வளவுதான். ஸ்டியரிங்கைத் திருப்பித் திருத்தவும் கூடாது, காரின் பிறேக்கை மிதிக்கவும் கூடாது. பின் இருக்கையில் உள்ளவர்கள் கத்தவும் கூடாது; அம்மாவுக்கு இது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

வழியில் அரராத் என்று ஓர் ஊர். ஹொரேஷியோ வில்ஸ் என்ற குடியேறி அங்குள்ள மலைக்கு நோவாவின் பேழை தங்கிய மலையின் பெயரை இட்டாராம். அங்கே நிறுத்தி, சில்லின் நடுப்பகுதியைக் கையால் தொட்டுப் பார்த்தோம். இளஞ்சூடு இருக்கலாம், கை வைக்க முடியாத சூடு என்றால் பெயாரிங்கிலோ பிறேக்கிலோ கோளாறு. மாமாவின் காரில் வந்த நடுவிலான் அங்கே இறங்கி ஓடிவந்து, “நோவா எல்லா மிருகத்தையும் நிறுத்துத்தான் ஏத்தினவரோ?” என்று அம்மம்மாவைக் கேட்டான். “அவர் முன்பாரம் பாத்திருப்பார்” என்றார் அம்மம்மா. காலையிலிருந்து அப்போதுதான் சிரித்தார்.

முகாம் இடத்தில் பின்னோக்கி விடுவதுதான் எல்லோரும் வேடிக்கை பார்க்கும் கட்டம். ஸ்டியரிங்கின் அடிப்பகுதியைப் பிடியுங்கள். ட்ரெயிலர் எந்தப் பக்கம் போகவேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள். மடியத் தொடங்கினால் மேலும் பின்னால் விடாமல் முன்னே போய் நேராக்கிவிட்டுத் தொடங்குங்கள். வழி சொல்ல ஒருவர் போதும். எங்களுக்கு வழி சொன்னவர்கள் பதினொரு பேர்.

திரும்பும்போது பக்கஸ் மார்ஷுக்கு முன்னால் பென்ட்லண்ட் ஹில்ஸில் நீண்ட இறக்கம். அப்பா இறக்கம் தொடங்குமுன்பே கியரைக் குறைத்தார், குரூஸ் கன்ட்ரோலை நிறுத்தினார். இறக்கம் முழுவதும் பிறேக்கில் காலை வைத்துக்கொண்டு இறங்கினால் பிறேக் சூடேறிப் பிடிக்காமல் போகும், எஞ்சின் பிடிக்கவேண்டும். கீழே வந்து ஒரு தரிப்பிடத்தில் நின்றபோது பக்கத்தில் நின்ற ஒரு ட்ரெயிலரின் சில்லில் இருந்து கருகிய மணமும் புகையும் வந்தன. அதன் பின்பக்கம் நான்கு சைக்கிள்கள். அப்பா இறங்கிப் போய் அந்த மனிதரோடு அரைமணி நேரம் பேசினார். இரண்டு சைக்கிள்கள் ட்ரெயிலருக்குள்ளே முன்பக்கம் போயின. பிறேக் ஆறிய பின் அவர்கள் புறப்படும்வரை நாங்களும் நின்றோம்.

ட்ரெயிலர் இப்போது எங்கள் வீட்டு முன்றலில் நிற்கிறது. அடுத்த விடுமுறைக்கு எந்தக் குடும்பத்துக்காவது வேண்டுமென்றால் கேளுங்கள், தருவோம். தராசுச் சீட்டு உள்ளே மேசை லாச்சியில் இருக்கிறது. உங்கள் காரோடு நீங்கள் மறுபடி நிறுக்கவேண்டும். கொளுவிக்கொண்டு போக வருபவர் பச்சை பி ஆகவோ முழு அனுமதிப்பத்திரம் உள்ளவராகவோ இருக்கவேண்டும். விக்டோரியாவில் எல் பலகைக்காரர் இழுக்கவே முடியாது. சிவப்பு பி உள்ளவரும், வேலை போன்ற சில விதிவிலக்குகள் தவிர, இழுக்க முடியாது. எங்கள் நடுவிலான் இன்னும் எல் பலகையில் 120 மணித்தியாலம் நிரப்பிக்கொண்டிருக்கிறான். அவன் வந்து சாவியைக் கேட்டாலும் கொடுக்கவேண்டாம் என்று அப்பா சொல்லியிருக்கிறார்.